சென்னைப் பாஷையின் செல்வம்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் பாடுபட்டுப் பிழைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசி மெருகேற்றிய சென்னைப் பாஷையைக் கொச்சையென்று ஒதுக்குகிறவர்கள், அதன் வார்த்தைகளுக்குள்ளே இத்துறைமுகப் பட்டணத்தின் சரித்திரம் உறைந்திருப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சிற்றுண்டியை ‘நாஸ்தா’ என்றும், தொல்லையைப் ‘பேஜார்’ என்றும், அசுத்தத்தைக் ‘கலீஜ்’ என்றும் வழங்குகிற சொற்கள் உருதுவின் வழியே வந்தவை. காசைக் குறிக்கும் ‘துட்டு’, பழவேற்காட்டிலே கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரரின் சிறு நாணயப் பெயரிலிருந்து பிறந்தது. எல்லாவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது ‘கஸ்மாலம்’. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், போர்க்களத்திலே சோர்ந்து அமர்ந்த அர்ஜுனனைப் பற்றிய மயக்கத்தைக் கண்ணபிரான் சுட்டும் அதே ஸம்ஸ்கிருதப் பதம், அழுக்கென்னும் தன் மற்றோர் அர்த்தத்தோடு குழாயடிச் சண்டைக்கு வசவாக வந்து சேர்ந்திருப்பது என்ன விந்தை!

ஜெயகாந்தன் இப்பாஷையைத் தம் கதை மாந்தர் வாயிலே கம்பீரமாக உலவவிட்டார். மிரட்சியைச் சொல்லும் ‘மெர்சல்’ 2017-இல் ஒரு திரைப்படத்துக்கே பெயராயிற்று. இன்றைய இளைஞர் சுவையற்ற பேச்சை ‘மொக்கை’ என்கிறார்களே, அதுவும் கூர் மழுங்கிய தன்மையைக் குறித்த பழைய தமிழ்ச் சொல்தான்; எவ்வளவு பொருத்தமான பிரயோகம்!

அகராதி தொகுக்கும் அறிஞர்கள் இச்சொற்களைப் பேசுவோரிடமே சென்று கேட்டு, பொருளோடும் வழக்கோடும் தாமதமின்றிப் பதிவு செய்தல் வேண்டும்.