பெரட்டு மணியும் நீல டிக்கும்

வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் முறை பல்கலைக்கழகத்தில், கலைத்துறையில் படித்த நண்பன் கொடுத்த போட்டோகாப்பியில். பொறியியல் மாணவனான எனக்கு அப்போது அது பழைய இங்கிலாந்தைப் பற்றிய சுவாரசியமான கதை, அவ்வளவுதான். இரண்டாவது முறை வேலைக்குச் சேர்ந்த பிறகு. மூன்றாவது முறை போன வருஷம், அப்பா மருத்துவமனையில் படுத்திருந்த மூன்று நாட்களில். அந்த மூன்றாவது வாசிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

'காலம், வேலை ஒழுங்கு, தொழில் முதலாளித்துவம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 'பாஸ்ட் அண்ட் பிரசண்ட்' என்ற வரலாற்று ஆய்விதழில் வெளியானது. மனிதர்கள் எப்போது கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதுதான் தாம்சனின் கேள்வி. ஆலைகள் வருவதற்கு முன்னால், வேலை முடியும்போது நேரமும் முடிந்தது. வீட்டில் தறி வைத்திருந்த நெசவாளி, திங்கட்கிழமைக்குப் 'புனிதத் திங்கள்' என்று பேர் வைத்து ஜாலியாக இருப்பான். வாரக் கடைசியில் விழுந்து விழுந்து வேலை செய்வான். மடகாஸ்கரில் அரை மணி நேரத்தைச் 'சோறு வேகும் நேரம்' என்றும் ஒரு கணத்தை 'வெட்டுக்கிளி வறுபடும் நேரம்' என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதுகிறார். நமக்கும் இது புதிதில்லை. எங்கள் பாட்டிக்கு 'வெத்தல போடுற நேரம்' என்று ஓர் அளவு இருந்தது.

பிறகு ஆலை வந்தது. கடிகாரம் முதலாளியின் கைக்குப் போனது. காலையில் முள்ளை முன்னால் தள்ளுவார்கள், மாலையில் பின்னால் இழுப்பார்கள். தொழிலாளி சொந்தமாகக் கடிகாரம் வைத்திருந்தால் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஆலைகளும் உண்டு. இந்த வரலாற்றைத் தாம்சன் மூன்று தலைமுறையாகச் சுருக்குகிறார். முதல் தலைமுறைக்கு நேரத்தின் அருமையை முதலாளி கற்பித்தான். இரண்டாம் தலைமுறை வேலை நேரத்தைக் குறைக்கக் குழு அமைத்தது. மூன்றாம் தலைமுறை கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கேட்டுப் போராடியது.

மூன்று தலைமுறை என்றதும் நான் என் குடும்பத்தை எண்ணிப் பார்த்தேன்.

பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடிவதற்கு முன்னாலேயே பெரட்டு மணி அடிக்கும். இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும், கிராணி பேர் கூப்பிடுவார், பிறகு நிரைக்குப் போக வேண்டும். ஆனால் மணி மட்டும் பாட்டியை எழுப்பவில்லை. மரமும் எழுப்பியது. அதிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். எனவே அவருக்கு இரண்டு நேரம் இருந்தது: மரத்தின் நேரம், துரையின் நேரம். தாம்சன் வேலையை ஒட்டிய நேரம் என்றும் கடிகாரத்தை ஒட்டிய நேரம் என்றும் இரண்டைப் பிரிக்கிறார். ரப்பர் தோட்டத்தில் அந்தப் பிரிவு அவ்வளவு சுத்தமாக இல்லை. மரத்தின் நேரத்தின் மேல்தான் துரை தன் மணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். மழை பெய்தால் பெரட்டு கிடையாது. கூலியும் கிடையாது. "மழ பேஞ்சா தூங்கலாம், ஆனா தூக்கம் வராது" என்பார் பாட்டி.

தோட்டத்து மக்கள் இந்த நேரத்தைக் கேள்வி கேட்காமல் இருக்கவில்லை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்ற கோரிக்கையைத்தான் எல்லாரும் நினைவுகூர்வார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. மரியாதையையும் நேரத்தையும் அவர்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

இந்த நாட்டில் கடிகாரமே மேலிருந்து வந்ததுதான். வேலையில் ஒருமுறை பழைய பதிவுகளைப் புதிய கணினி முறைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது இது தெரியவந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:45 என்று கொடுத்தால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. தேடிப் பார்த்தால், தீபகற்ப மலேசியாவில் அப்படி ஒரு நேரமே இல்லை. சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒத்துப்போக, அன்றிரவு 11:30 ஆனதும் கடிகாரத்தை நேராக 12-க்குத் தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. நம் கைப்பேசிகளுக்குள் இருக்கும் நேர மண்டலத் தரவில் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது: 1905, 1933, 1941 என்று வெள்ளைக்காரன் மாற்றியது, 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் தோக்கியோ நேரத்துக்கு இழுத்தது, 1945-இல் அது திரும்பி வந்தது. ஆட்சி மாறினால் மணி மாறியது. அதனால்தான் இன்றைக்கும் இங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. தாம்சனின் மடகாஸ்கர்காரர்கள் கணக்கில் சொன்னால், 1982 பிறந்தபோது நாம் ஒரு சோறு வேகும் நேரத்தை இழந்தோம். ஆனாலும் அது ஊரறிய நடந்தது. இன்ன தேதி, இன்ன மணி, இவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்பா தாம்சனின் மூன்றாம் தலைமுறை. தோட்டத்தை விட்டு வெளியேறி, பினாங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். மூன்று ஷிப்டு, பஞ்ச் கார்டு, ஃபேக்டரி பஸ். ஓ.டி. என்ற சொல்லை நான் 'அப்பா', 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடைத்தால் அப்பா முகம் மலரும். என் பல்கலைக்கழகப் படிப்பில் பாதி ஓ.டி. காசு. அவர் ஷிப்டில் இருக்கும்போது வீட்டிலிருந்து யாரும் அழைக்க முடியாது. ரொம்ப அவசரம் என்றால் கார்டு போஸ்டுக்குப் போன் செய்து சேதி சொல்ல வேண்டும். அம்மா அப்படிச் செய்தது ஒரே ஒரு முறை, பாட்டி இறந்தபோது. 'ஷிப்டுல இருக்கிறவங்கள தொந்தரவு பண்ணக் கூடாது' என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு வெளியே வந்துவிட்டால் அப்பா முழுக்க எங்களுடையவர்.

நான் நான்காவது தலைமுறை. தாம்சனின் கணக்கு எனக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

என் வேலையில் மணி இல்லை, பஞ்ச் கார்டு இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 'ஆன்-கால்' வரும். அந்த வாரம் முழுக்கக் கைப்பேசி தலைமாட்டில் இருக்க வேண்டும். ஆன்-கால் இல்லாத வாரங்களில் வாட்சப் குழு இருக்கிறது. எங்கள் டீம் லீடர் கொடுமைக்காரர் இல்லை. இரவு பத்தே முக்காலுக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு 'அவசரமில்லை' என்று கூடவே எழுதுவார். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நல்லதுதான். ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஓ.டி. பணம் தந்தே ஆக வேண்டும் என்ற பிரிவு பொருந்தாது. நான் அந்தக் கோட்டைத் தாண்டியபோது வீட்டில் கேசரி கிண்டினார்கள். அப்பா போராடி வாங்கிய ஒன்றைத் தாண்டி வந்ததற்குக் கேசரி சாப்பிட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

இந்த நிலையைப் பற்றி எழுதியவர்களில் அதிகம் பேசப்படுபவர் ஜோனதன் கிரேரி. '24/7' என்ற அவருடைய புத்தகம் 2013-இல் வந்தது. வலசை போகும்போது நாள்கணக்கில் தூங்காமல் பறக்கும் ஒரு சிட்டுக்குருவியிலிருந்து தொடங்குகிறார். தூங்காத போர்வீரனை உருவாக்குவதற்காக அமெரிக்க இராணுவம் அந்தக் குருவியின் மூளையை ஆராயக் காசு கொடுத்ததாம். இன்றைக்குத் தூங்காத வீரன், நாளைக்குத் தூங்காத தொழிலாளி, தூங்காத வாடிக்கையாளன். முதலாளித்துவம் இன்னும் முழுசாக விழுங்காத கடைசி இடம் தூக்கம் என்கிறார். படிக்கும்போது நான் தலையாட்டிக்கொண்டே படித்தேன். படித்து முடித்ததும் ஒரு குறை உறுத்தியது. கிரேரியின் அழுத்தமெல்லாம் மேலே இருக்கிறது: சந்தை, அரசு, இராணுவம். என் கைப்பேசியைத் திறந்தால் அங்கே இருப்பது முக்கால்வாசி சித்தி, மாமா, நண்பர்கள், அப்பா.

வாட்சப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதை அணைத்து வைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: நீ படித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது என்றால், மற்றவர் படித்ததை நீயும் பார்க்க முடியாது. குழுவில் அனுப்பும் செய்திகளுக்கு அணைக்கவே முடியாது. ஒரு பொறியாளனாகச் சொல்கிறேன், அருமையான வடிவமைப்பு. கண்காணிக்கப்படாமல் இருக்க வேண்டுமானால் கண்காணிப்பதையும் விட்டுவிடு என்கிறது. நம்மில் எத்தனை பேர் விட்டோம்? கங்காணி என்ற சொல்லே கண்காணிப்பதிலிருந்து வந்ததுதான். கங்காணி வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு போட்ட தடையோடு முடிந்தது. இன்றைக்கு நாம் ஆளுக்கொரு கங்காணி வேலையை, சம்பளம் இல்லாமல், பிரியத்தோடு பார்க்கிறோம். 'பாத்துட்டு ஏன் பதில் போடல?' என்று கேட்காத உறவு எனக்குத் தெரிந்து இல்லை. முன்பு மௌனம் வெறும் மௌனமாக இருந்தது. இப்போது அதற்கு நேரமும் நிறமும் வந்துவிட்டன.

இதுவரை எழுதியதை யாரும் எழுதியிருக்கலாம். போன வருஷம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஆன்-கால் வாரம். இரவு ஒரு மணிக்கு மேல் ஒரு சர்வர் விழுந்துவிட்டது. குழுவில் நாங்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது திரையின் மேல்பக்கம் அப்பாவின் செய்தி வந்தது: 'வேலையாப்பா?' நான் திறக்கவில்லை. திறந்தால் நீலமாகும், நீலமானால் பதில் போட வேண்டும். வெளியிலிருந்தே படித்துவிட்டு, காலையில் பேசிக்கலாம் என்று விட்டுவிட்டேன். வேலை முடிய மூன்றே முக்கால் ஆனது. தூங்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தபோது அப்பா மருத்துவமனையில் இருந்தார். நெஞ்சுவலி. ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் காரில் கூட்டிப் போயிருக்கிறார்.

"ஏம்ப்பா கூப்பிடல? அம்மாவையாவது எழுப்பியிருக்கலாமே?" என்று கேட்டேன். குரல் எனக்கே அதட்டலாகத்தான் கேட்டது.

"அம்மா பயந்துடுவா. நீ ஆன்லைன்ல இருந்த. வேலையில இருக்கிறன்னு தெரிஞ்சது. முடிஞ்சதும் நீயே கூப்பிடுவன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவரிடம் குறை சொல்லும் தொனி இல்லை. 'ஆன்லைன்' என்ற சொல்லை அவர் ஷிப்டு என்று படித்திருந்தார். நான் கேட்டுக்குள்ளே இருக்கிறேன், கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு வெளியே வருவேன், வந்ததும் அவருடையவன் ஆவேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் ஷிப்டு முடிவதற்காக ஹாலில் உட்கார்ந்திருந்தார். நானோ அவர் கங்காணி வேலை பார்க்கிறார் என்று நினைத்து ஒளிந்துகொண்டேன். ஒரே சொல்லை இரண்டு தலைமுறை இரண்டு விதமாகப் படித்திருக்கிறோம்.

கிரேரியிடம் எனக்கு இருந்த குறை அங்கே, வார்டு நாற்காலியில், கொஞ்சம் மாறியது. அப்பாவின் செய்தியை நான் திறக்காததற்குக் காரணம் அப்பா இல்லை. நாள் முழுக்க யார் யாருக்கோ உடனுக்குடன் பதில் சொல்லிச் சொல்லி, எந்தச் செய்தியைப் பார்த்தாலும் அது வேலையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மேலே இருப்பதும் வீட்டில் இருப்பதும் ஒரே திரையில் ஒரே சத்தத்தோடு வந்தால், மனசு இரண்டுக்கும் ஒரே மாதிரி சுருங்கிக்கொள்கிறது. கிரேரி பணத்தைச் சரியாகவே பின்தொடர்ந்தார். அது அன்பின் பேச்சுமுறைக்குள் எப்படி நுழைகிறது என்பதைத்தான் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் தீர்வு, கைப்பேசியை அணைத்துவிட்டு இயற்கையோடு இரு என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாட்டி இயற்கையோடுதான் இருந்தார், மழை பெய்தால் கூலி இல்லாமல். தாம்சனிடம் நான் எடுத்துக்கொள்வது இரண்டாம் தலைமுறையை. அவர்கள் தனித்தனியாகக் கடிகாரத்தோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை, குழு அமைத்தார்கள். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பைக் கவனிக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதலும் சட்டத்தில் இருக்கிறது. யாரோ கேட்டதால்தான் அது வந்தது. நான் எங்கள் டீம் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். "பதில் போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலையே" என்றார் டீம் லீடர். அது உண்மை, அதனால்தான் அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் தனியாக வந்து பேசினார்கள். இப்போதைக்கு நாங்கள் நாலு பேர்.

அப்பா தேறிவிட்டார். மாத்திரை, நடை, உப்புக் குறைவு. நான் என் ஆன்-கால் அட்டவணையை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பழைய ஷிப்டு அட்டவணை மாதிரி ஐஸ்பெட்டியில் ஒட்டி, என் வேலை வாரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

"வட்டம் போட்ட வாரத்துலயும் கூப்பிடணும்ப்பா" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.