சட்டனூகா: ஒரு பாலம், பாதிக் கதை

அமெரிக்காவில் செத்துப்போன நகர மையம் எப்படிப் பிழைத்தது என்று யார் எழுத ஆரம்பித்தாலும், டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில்தான் வந்து நிற்பாங்க. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1,81,000. நடுத்தர ஊர்.

வழக்கமான கதை இது. 1969-ல் நாட்டிலேயே மிக மோசமான காற்று இந்த ஊரில்தான் என்று மத்திய அரசு சொன்னது. 1992-ல் ஆற்றங்கரையில் 4.5 கோடி டாலர் செலவில் மீன் காட்சியகம் வந்தது. பெரும்பகுதி தனியார் பணம். 1978-ல் வண்டிகளுக்கு மூடிய வால்நட் தெருப் பாலத்தை இடிக்க இருந்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1993-ல் அது நடைபாலமாகத் திறந்தது. நீளம் 2,376 அடி.

எல்லாம் உண்மை, பாராட்ட வேண்டியதும்கூட. ஆனா நான் படித்த பயணக் கட்டுரைகள் பலவற்றில் அந்தப் பாலத்துக்கு வயசே 1993-லிருந்துதான்!

பாலம் திறந்தது 1891-ல். 1906 மார்ச் 19 இரவு, எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து இதே பாலத்தில் தூக்கிலிட்டுச் சுட்டது. பாலியல் வன்முறை வழக்கில் அவருக்கு மரண தண்டனை. மேல்முறையீட்டுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்திருந்தது. தன் உத்தரவை மதிக்காததற்காக ஷெரிஃப் ஷிப் உள்ளிட்டவர்களை அந்த நீதிமன்றமே விசாரித்து, 1909-ல் குற்றவாளிகள் என்றது. உச்ச நீதிமன்றம் தானே நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். ஜான்சன் மீதான தீர்ப்பு ரத்தாக 2000 வரை ஆனது. பாலத்தின் தெற்கு முனையில் நினைவிடம் வந்தது 2021-ல். அதாவது பாலம் சுற்றுலா இடமாகி 28 வருஷம் கழித்து.

"ஜாலியா சுத்திப் பார்க்க வந்தவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கலாம். அதற்கு அந்த ஊரிலேயே பதில் இருக்கு. 1838-ல் செரோக்கி மக்களை அங்கிருந்து வெளியேற்றினார்கள். அதை நினைவுகூரும் நீர்ப்படிகள் 2005 முதல் மீன் காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. குழந்தைகள் அதில் விளையாடுகிறார்கள். விரும்புகிறவர்கள் வரலாற்றையும் தெரிந்துகொள்கிறார்கள். ஊர் ஒன்றும் சோகமாகிவிடவில்லையே.

எதைப் புதுப்பித்தார்கள் என்று மட்டும் கேட்டால் போதாது, எதைச் சொல்ல எத்தனை வருஷம் எடுத்தார்கள் என்றும் கேட்கணும். போகிறவர்கள் பாலத்தைத் தெற்கு முனையிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள்.