பையில் ஒரு களஞ்சியம்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டு. அதற்குள் டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியம். இணையம் எட்டாத இடத்தில் லினக்ஸ் பயிற்சி நடத்த இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்திலேயே டெப்மிரர் நிரலால் மென்பொருள் பொதிகளை இறக்கிக்கொள்ள வேண்டும். எல்லா வகைக் கணினிகளுக்கும் உரியவை வேண்டாம். ஏஎம்டி64 வகைக்கு உரியவை மட்டும் போதும். வகுப்பில் மடிக்கணினியோடு வன்தட்டை இணைத்து, சிறு வலைச் சேவையகத்தை ஓடவிட்டு, ஒரு ஸ்விட்சால் எல்லாக் கணினிகளையும் கோத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் களஞ்சிய முகவரியை மாற்றினால் ஆயிற்று.

என்னை மிகவும் கவர்வது இந்தக் களஞ்சியத்தின் நம்பகம். ஒவ்வொரு பொதியின் சார்புகளும் (அது இயங்கத் தேவையான பிற பொதிகள்) ஷா256 கைரேகையும் ‘பேக்கேஜஸ்’ கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின் கைரேகை ‘ரிலீஸ்’ கோப்பில். அதன்மேல் டெபியனின் மின்கையொப்பம். யார் பையில் பயணித்து வந்தாலும், ஒரு பிட் மாறியிருந்தால் பொதிகளை நிறுவும் ஆப்ட் நிரல் கண்டுபிடித்துவிடும்.

1999-இல் டெபியன் 2.1 வெளியானபோது அறிமுகமான ஆப்ட், பொதி வருவது கடல் கடந்தா, மேசையிலிருந்தா என்று பேதம் பார்ப்பதில்லை. மாணவி ஒரு கட்டளை தட்டுகிறாள். கேட்ட பொதியும் அதன் சார்புகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து இறங்குகின்றன. அவள் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் இந்தச் சுமையைச் சுமக்கிறோம்.