பாப்பரசரும் அடிமையும்

உரோமாபுரியின் கோர்சோ வீதியிலே டோரியா பம்பிலி குடும்பத்தாரின் மாளிகை உளது. பல நூறு ஓவியங்களைக் கொண்ட அதன் சேகரிப்பு அரசாங்கத்துக்கோ நகரசபைக்கோ சொந்தமானதன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பாப்பரசரைத் தந்த குடும்பத்தின் வழிவந்தோருக்கே இன்றும் உரியது. நுழைவுச்சீட்டு வாங்கும் எவரும் உள்ளே செல்லலாம். பல ஆண்டுகளாகப் பார்வையாளருக்கு வழங்கப்பட்டுவந்த ஒலிவழிகாட்டியிலே குடும்பத்தவர் ஒருவரே தம் முன்னோரைப் பற்றியும் அவர்கள் தேடிய படங்களைப் பற்றியும் இனிமையாகப் பேசினார். அக்குரலைக் கேட்டு நடப்பவருக்குத் தாம் விருந்தினர் என்ற எண்ணம் எழுவது இயல்பு. கட்டணம் செலுத்தியது மறந்துபோகும்.

சுவர்களிலே படங்கள் சட்டத்தோடு சட்டம் முட்ட, மேலும் கீழுமாக அடுக்கி மாட்டப்பட்டுள்ளன. இது பதினெட்டாம் நூற்றாண்டு முறை. பொது நூதனசாலைகளில் காலம், பிரதேசம், மரபு என்ற ஒழுங்கிலே படங்கள் வைக்கப்படும். இங்கோ சுவரின் பொலிவுக்கு எது பொருந்துமோ அதுவே ஒழுங்கு. கரவாஜ்ஜோ தீட்டிய மதலேனாள் இச்சேகரிப்பைச் சேர்ந்தவள். தாழ்ந்த கதிரையில் தலைகுனிந்திருக்கும் ஒரு சாதாரண உரோமப் பெண். அருகே நிலத்திற் சிதறிக் கிடக்கும் நகைகள். இத்தகைய படத்தையும் வெறும் அலங்காரத்துக்கென வரையப்பட்ட படத்தையும் பொன்முலாம் பூசிய சட்டங்கள் சமமாக்கிவிடுகின்றன. உடைமையாளனுக்கு ஓவியம் முதலிற் செல்வம், பின்னரே கலை என்பதை இச்சுவர்கள் ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றன. அவ்வகையில் அவை பல நூதனசாலைகளைக் காட்டிலும் நேர்மையானவை.

இவ்வளவும் சிதறாமல் எஞ்சியது எவ்வாறு? குடிவழிச் சொத்தைப் பிரிக்கவோ விற்கவோ முடியாதவாறு ஒரே வாரிசின் கையிற் கட்டிவைக்கும் நிலமானியச் சட்டமுறை ஒன்று அங்கே இருந்தது. ஐக்கிய இத்தாலி உரோமாபுரியைத் தலைநகராக்கிய 1871ஆம் ஆண்டிலே அம்முறை அங்கு ஒழிக்கப்பட்டது. ஆயினும் கலைச் சேகரிப்புகள் பிரிபடாமலும் விலைப்படாமலும் இருக்கவேண்டும் என்று அதே ஆண்டின் சட்டம் விதித்தது. அதற்கு முன்னரும் கட்டு எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. 1807இலே பொர்கேசே குடும்பம் தன் பழஞ்சிற்பங்களை நெப்போலியனுக்கு விற்றது. அவை இன்று பாரிஸில் இருக்கின்றன. பம்பிலிப் படங்களைச் சந்தையினின்றும் காத்ததிலே குலப்பெருமைக்கென இயற்றப்பட்ட நிலமானியத் தளைக்கும் பங்குண்டு என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. வரலாறு நமது வசதியை நோக்கி நடப்பதில்லையே.

இம்மாளிகையின் தலைசிறந்த ஓவியம் ஒரு சிற்றறையிலே தனித்து வைக்கப்பட்டுள்ளது. ஸ்பானிய அரசவை ஓவியன் வெலாஸ்கஸ் 1650இலே தீட்டிய பத்தாம் இன்னொசென்ற் பாப்பரசரின் உருவப்படம் அது. சிவப்புத் திரை, சிவப்பு ஆசனம், சிவப்புத் தொப்பி, சிவப்பு மேலங்கி. அவற்றிடையே சிவந்த முகம். ஐயுறவும் கடுமையும் கலந்த கண்கள் பார்ப்பவனை எடைபோடுகின்றன. ‘மிதமிஞ்சிய உண்மை’ எனப் பாப்பரசர் கூறினார் என்றொரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அவர் கூறினாரோ இல்லையோ, படம் அதைக் கூறுகின்றது.

அம்முகத்துக்குரியவரின் ஆட்சி எத்தகையது? 1649இலே காஸ்திரோ என்னும் நகரம் அவர் ஆணையாற் தரைமட்டமாக்கப்பட்டது. 1648 முதல் 1651 வரை, குடும்பத்தின் மற்றொரு மாளிகைக்கு முன்னாலுள்ள நவோனா சதுக்கத்திலே, பேர்னினியின் நான்கு நதிகளின் நீரூற்று எழுந்தது. கங்கையும் அந்நான்கில் ஒன்று. உணவுத் தட்டுப்பாடு நிலவிய அந்நாட்களில் பாணுக்கும் வரி விதித்து அதைக் கட்டினார்கள். தூணும் ஊற்றும் வேண்டாம், பாண் தாருங்கள் என்று நகரமக்கள் முணுமுணுத்தார்கள். குலப்பெருமை பேசுவோர் சதுக்கத்தின் அழகைச் சொல்வார்கள். பாணைச் சொல்வது அருமை.

உருவப்படத்திலே கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. பாப்பரசரின் இடக்கையிலே ஒரு கடிதம். அதில் வெலாஸ்கஸின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. விண்ணப்பமொன்றின் வடிவிலே ஓவியன் தன் பெயரை ஆண்டவனின் கையிற் கொடுத்திருக்கின்றான். பிரபுக்களின் வரிசையிலே இடம்பெற, கைத்தொழிலாளன் என்ற இழுக்கைக் கழுவ, அவன் நெடுங்காலம் முயன்றான். 1659இலேதான் சாந்தியாகோ வீரர் சபையில் அவனுக்கு இடம் கிடைத்தது. உரோமாபுரியின் ஆதரவும் அதற்குத் தேவைப்பட்டது.

விண்ணப்பக்காரனான அவனே ஓர் எசமானுமாவான். ஹுவான் டி பரேஜா என்னும் அடிமை அவனுடைய ஓவியக்கூடத்திற் பணிசெய்தான். அதே 1650இலே, அதே நகரிலே, வெலாஸ்கஸ் பரேஜாவின் உருவத்தையும் தீட்டினான். மார்ச் 19ஆம் நாள் அப்படம் இம்மாளிகைக்கு அண்மையிலுள்ள பாந்தியன் கட்டடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டது. பாப்பரசரை வரைவதற்கு முன் கைப்பழக்கத்துக்காக அதை வரைந்தான் என்று பலொமினோ பின்னாளில் எழுதிவைத்தார். ‘கைப்பழக்கம்’ என்ற சொல்லை அப்படத்தின் முன்னால் நின்று சொல்லிப் பார்க்கவேண்டும்! சாம்பல்நிற உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, மார்புக்குக் குறுக்கே மடிந்த கை, நேர்கொண்ட நிமிர்ந்த பார்வை. பாப்பரசரின் முகத்திலுள்ள அச்சமும் வஞ்சமும் இம்முகத்தில் இல்லை. நவம்பர் 23ஆம் நாள் வெலாஸ்கஸ் விடுதலைப் பத்திரத்திற் கையொப்பமிட்டான். மேலும் நான்கு ஆண்டுகள் பணிசெய்த பின்னரே அது செல்லும் என்பது நிபந்தனை.

அரண்மனைக் கலை நமக்கு உரியதன்று என ஒதுக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். வரியையும் அடிமையையும் பற்றிப் பேசுவது இரசனைக்குக் கேடு எனும் அழகியல்வாதிகளும் உளர். முன்னவர் ஒரு செய்தியை மறக்கின்றனர்: முடியாட்சியை ஆதரித்த பால்சாக்கின் யதார்த்தம் அவனது சொந்தச் சார்புகளையே மீறிச் சென்றதென 1888இலே எங்கெல்ஸ் எழுதினார். பட்டத்துக்கு ஏங்கிய வெலாஸ்கஸின் தூரிகைக்கும் அது பொருந்தும். பின்னவர்களுக்கு விடை அச்சிற்றறையிலேயே இருக்கின்றது. ஆட்சியை அறியாதவன் அப்பாப்பரசரின் கண்களிலே திறமையை மட்டுமே காண்பான். எதைக் கண்டு ஓவியன் அவ்வாறு வரைந்தான் என்பதைக் காணான்.

குடும்பத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். அதன் வாரிசான பிலிப்போ அந்திரேயா பாசிச ஆட்சியை எதிர்த்துத் தடுப்புக்காவலை அனுபவித்தவர். 1944இல் உரோமாபுரி விடுதலையடைந்தபின் நகரத்தந்தையாகப் பணியாற்றியவர். வர்க்கப் பிறப்பு மனிதனின் முழு வரலாறாகிவிடாது. ஆனால் தனிமனிதரின் நேர்மையினால் உடைமை பற்றிய வினா தீர்ந்துவிடுவதுமில்லை.

பாப்பரசர் மாளிகையிலேயே தங்கிவிட்டார். பரேஜாவின் முகமோ 1970இலே இலண்டன் ஏலத்தில் இருபது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. பத்து இலட்சம் பவுணைத் தாண்டி ஏலத்தில் விற்கப்பட்ட முதல் ஓவியம் அதுவே. ஒருகாலத்தில் மனிதனுக்கு விலை; பின்னர் அவனது சாயலுக்கு. இப்போது அது நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் இருக்கின்றது. இரு படங்களையும் ஒரே கூரையின் கீழ்க் காணும் வாய்ப்பு மாளிகைக்கு வருவோருக்கு இல்லை. ஒலிவழிகாட்டி எதைச் சொன்னாலும் மற்றைய முகத்தை அவர்கள் தாமே நினைவிற் கொண்டுவரவேண்டும்.

விடுதலைபெற்ற பரேஜா தானும் ஓவியனானான். அவன் 1661இலே வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ மட்ரிட்டின் பிராதோ நூதனசாலையில் உள்ளது. அதன் இடது ஓரத்திலே அவன் தன்னையே நிறுத்தியிருக்கின்றான். கையிலே ஒரு கடதாசி. அதில் எழுதியிருப்பது அவனுடைய பெயர்.