சிறுநீரகப் படம் உரைப்பதும் உரையாததும்

'மா' என்னும் சொல் மரத்தைக் குறிக்கின்றதா, விலங்கைக் குறிக்கின்றதா என்பதை அது நிற்கும் இடமே காட்டும். இடம் நோக்காது பொருள் கொள்வோர் பிழைபடுவர். உடலில் கத்தி வையாமலும் குழாய் செலுத்தாமலும் சிறுநீரகத்தை ஆராய உதவும் எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையே உடையன. ஆயினும், இதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவற்றினூடே பாய்கின்றது. குருதியழுத்தம் ஏறினும் இறங்கினும், ஓர் எல்லைவரை இவ்வோட்டம் பெரிதும் மாறுவதில்லை. அழுத்தம் மிகுந்து விரியும் சிறு தமனியின் சுவர் தானே சுருங்குகின்றது; நுண்குழல்களில் உப்பு மிகுந்தால், அதனை உணரும் உயிரணுக்கள் குருதி வரும் வாயிலை ஒடுக்குகின்றன. இக்காவல் தளர்ந்ததா என்பதையே மருத்துவர் அறிய விழைகின்றனர்.

உயிர்வளியை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்பதைப் பாலிங், கோரியெல் என்னும் அறிஞர் இருவர் 1936-இல் காட்டினர். 1990-இல் ஒகாவா இப்பண்பைக் கொண்டு எலியின் மூளையைப் படம் பிடித்தார். 1996-இல் பிரசாத், எடெல்மன், எப்ஸ்டைன் ஆகியோர் இம்முறையால் மனிதச் சிறுநீரகத்தை ஆராய்ந்தனர். உயிர்வளி குறைந்த இடம் இப்படத்தில் கருமையாகத் தோன்றும்.

கருமை கண்ட இடத்தில் குருதியோட்டம் குறைவு என்றும், வெண்மை கண்ட இடத்தில் மிகுதி என்றும் உரை கூறுவாருளர். அவ்வுரை முழுதும் பொருந்தாது. பையில் எஞ்சிய பணம் வருவாயை மட்டும் காட்டுவதன்று, செலவையும் சார்ந்தது. அவ்வாறே, எஞ்சிய உயிர்வளி, வந்த குருதியையும் உறுப்பின் உழைப்பையும் ஒருங்கே சார்ந்தது.

1996-ஆம் ஆண்டு ஆய்வே இதற்குச் சான்று. ஃபுரோசமைடு என்னும் மருந்து கொடுத்ததும் சிறுநீரகத்தின் உட்பகுதியாகிய அகணியில் உயிர்வளி உயர்ந்தது. குருதி மிகுந்து பாய்ந்தமையால் நேர்ந்ததன்று இது. உப்பை மீட்கும் உழைப்பை அம்மருந்து தடுத்தமையால் செலவு குறைந்தது, அவ்வளவே.

இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது 2010-இல் வெளிவந்த மேயோ மருத்துவமனை ஆய்வு. சிறுநீரகத் தமனி குறுகிய நோயாளிகளிடம் குருதியோட்டம் குறைந்திருந்தது. உயிர்வளியோ பெரிதும் குன்றாதிருந்தது. வடிகட்டும் வேலை குறைந்த உறுப்பு உயிர்வளியையும் குறைவாகவே செலவிடும். இத்தகையோர் படத்தை மட்டும் கண்டு, குருதி தடையின்றிப் பாய்கின்றது என்று ஒருவர் முடிவு கூறின், நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடும்.

குருதியோட்டத்தை நேரே அளக்கும் வேறு முறையும் உண்டு. பெருந்தமனியில் செல்லும் குருதியின் நீருக்குக் காந்த அடையாளமிட்டு, அது சிறுநீரகத்தை அடைவதைப் படம் பிடிப்பர். ஊசிவழிச் செலுத்தும் மருந்து இதற்கு வேண்டுவதில்லை. எனினும், இதுவும் குறையற்றதன்று. மூச்சுவிடும்போது உறுப்பு அசைகின்றது. புறணியினும் குறைந்த குருதியே பெறும் அகணியிலிருந்து கிடைக்கும் குறி மிக நலிந்தது. ஆகவே, புறணியைக் குறித்து இது கூறுவதை நம்பும் அளவிற்கு அகணியைக் குறித்துக் கூறுவதை நம்புதல் இயலாது.

இரு முறைகளையும் இணைத்து நோக்குதலே தக்கது. வரவை ஒன்று காட்டும். எச்சத்தை மற்றொன்று காட்டும். இரண்டையும் அறிந்தால் செலவு ஓரளவு புலப்படும். உயிர்வளிப் படத்தைக் குருதியோட்டப் படம் என்று பெயரிட்டு வழங்குதல் வெறும் சொற்பிழையன்று, பொருட்பிழையுமாகும். படம் பொய் கூறுவதில்லை. அதற்கு வகுக்கும் உரையே பொய்த்தல் கூடும்.