பேர் தெரிந்த இரும்பு

திருச்செந்தூரில் பஸ் ஏறி நெல்லைக்குப் போகிற பாதையில், ஆழ்வார்திருநகரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு வரும். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது சரளைக்கல் கிடக்கிற ஒரு மேடுதான். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899-இல் தொடங்கி 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகளிலும் அவற்றைச் சுற்றியும் வாள், குத்துவாள், ஈட்டிமுனை, அம்புமுனை என்று இரும்பு குவிந்தது. அவருடைய பட்டியல் 1915-இல் சென்னையில் நூலாக அச்சானது. ரீயை நான் மதிப்பது அவர் சேர்த்த எண்ணிக்கைக்காக அல்ல. அந்தக் கருவிகள் முனை கீழ்நோக்கிக் குத்தினாற்போல் இருந்தன என்று எழுதி வைத்தாரே, அதற்காக. துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தியிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஊகம் எப்படியும் போகட்டும், இரும்பு இருந்த நிலை நமக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அதை எழுதாமல் விட்டிருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது துருவேறிய துண்டுகள்தான்.

கத்தியும் அருவாளும் சேர்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் முதல் பாடம் என்று நினைக்கிறேன். பழைய வாள் ஒன்று கைக்கு வந்ததும் எத்தனை வருஷத்தது, என்ன விலை பெறும் என்று கேட்கிறோம். யார் அடித்தது, யார் கையில் இருந்தது, எதை வெட்டியது, அந்த ஊரில் அதற்கு என்ன பேர் என்று கேட்பவர் குறைவு. இந்த நாலுக்கும் பதில் இல்லாத இரும்பு எவ்வளவு மினுங்கினாலும் ஊமை இரும்புதான். தமிழ்நாட்டில் கத்தியை ஆராய்ந்த மரபுகள் ஒவ்வொன்றையும் இந்த நாலு கேள்வியை வைத்தே இங்கே பார்க்கிறேன்.

தோண்டி எடுப்பவர்களின் மரபு காலத்தைச் சொல்வதில் கெட்டி. ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிவகளையில் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் எல்லாம் கிடைத்தன. அங்கே இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதிய அறிக்கை 2025 ஜனவரியில் வெளியானது. அறிஞர்கள் அதைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, வாளோடு உளியும் கத்தியும் சேர்ந்தே அந்த ஈமக்காட்டில் கிடைத்தது. செத்தவருக்குப் படைத்த இரும்பில் வேலைக் கருவியும் உண்டு.

அடுத்தது ஆயுதப் பட்டியல்காரர்களின் மரபு. 1880-இல் லண்டனில் எகர்ட்டன் பிரபு இந்திய ஆயுதங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு கையேடு போட்டார். பிடி, அலகு, உறை, நீளம் என்று பிரித்துச் சொல்கிற ஒழுங்கை நாம் அவரிடமும் அவர் வழியில் வந்தவர்களிடமும்தான் கற்றோம். ஆனால் அவர்கள் கைக்குப் போனது மேட்டுக்குடிப் பொருள். தஞ்சாவூர் ஆயுதசாலையின் கதை அதற்குச் சாட்சி. 1855-இல் தஞ்சை அரசு கம்பெனி வசமான பிறகு, அங்கே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாளும் கட்டாரியும் பெருவாரியாக உடைபட்டுப் பழைய இரும்பாக விலைக்குப் போயின. நீதிபதியாக இருந்த வால்ஹவுஸ் பொறுக்கி எடுத்துச் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சேர்த்தவை தப்பின. 2004-இல் ராபர்ட் எல்குட் இந்து ஆயுதங்களைப் பற்றி எழுதிய நூலுக்கு அந்த மிச்சமே பெரிய ஆதாரம். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவில் அடித்தது, பிடியும் கைக்காப்பும் இங்கே செய்தவை. அந்தப் பிடியைச் செய்த கொல்லரின் பேரோ தெருவோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

நம் தாமிரபரணிக் கரையில் இந்த வகைப் பொருள் ஏன் குறைவு என்று கேட்கிறவர்களுக்கு ஒரு காரணம் சொல்லலாம். 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு, மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டார். 1801-இல் இரண்டாவது பாளையக்காரர் போர் முடிந்ததும் மறுபடி அதே கெடுபிடி. வேலும் வாளும் போய்ச் சேர்ந்தன. கொல்லனின் உலை மட்டும் அணையவில்லை. வாள் அடித்த கை அருவாள் அடித்தது என்றுதான் நான் எண்ணுகிறேன். ஆகவே இந்தச் சீமையில் இரும்பறிவு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் அரண்மனைச் சுவரைப் பார்ப்பதைவிட வயலையும் அடுக்களையையும் பனைவிளையையும் பார்க்க வேண்டும்.

உலோகத்தை ஆராய்ந்தவர்களின் மரபு இன்னொரு திக்கிலிருந்து வந்தது. பம்பாயிலிருந்து லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போன இந்திய உருக்கை ஆராய்ந்து 1795-இல் ஜார்ஜ் பியர்சன் எழுதினார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளி அதே உருக்கில் அறுவைக் கத்தி செய்து பார்த்து, இதைவிட நல்லது இல்லை என்று ஊரறியச் சொன்னார். அவரோடு சேர்ந்து 1820 வாக்கில் உருக்குக் கலவைகளைச் சோதித்த இளைஞர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்தால் பேர்பெற்ற அவர் ஒரு கொல்லர் மகன். நம் பக்கத்து முறையை நேரில் கண்டு 1839-இல் எழுதியவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத். மூசையில் இரும்போடு ஆவாரம் விறகையும் எருக்கிலையையும் வைத்து மூடி, மண் பூசி, உலையில் ஊதுவார்கள். காற்றுப் புகாத மூசைக்குள் கரி இரும்பில் ஏறும். நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை பங்கு வரை கரி ஏறிய அந்தக் கட்டிதான் உலகம் ஊட்ஸ் என்று அழைத்த உருக்கு. நம் காலத்தில் மேல்சிறுவளூரில் ஷாரதா சீனிவாசன் கண்டெடுத்த மூசைத் துண்டுகளும், நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த உலைகளும் இந்த வேலை தமிழ் மண்ணில் எவ்வளவு வேரோடியது என்று காட்டின.

நாலு கேள்விக்கு இந்த மரபு ஐந்தாவதாக ஒன்றைக் கொடுத்தது: இரும்புக்குள் என்ன இருக்கிறது? அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு துண்டை அறுத்து, தேய்த்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால்தான் அது பதில் சொல்லும். பட்டறைக்காரர் அறுக்காமலே பதில் சொல்கிறவர்.

கொல்லர் மரபுக்கு வருகிறேன். இதற்கு நூல் கிடையாது, பட்டியல் கிடையாது, ஆனால் தரம் பார்ப்பதில் இதைப் போலக் கறார் வேறெதிலும் இல்லை. சிவகங்கைச் சீமையில் திருப்பாச்சேத்தி அருவாளுக்கு எப்போதும் பேர் உண்டு. நம் பக்கத்தில் வீச்சருவாள், வெட்டருவாள், கதிரறுக்கிற கருக்கருவாள் என்று வேலைக்கொரு வடிவம். சுடலைமாடனுக்கு நேர்ந்து செய்கிற அருவாள் தனி, அதில் அளவைக் காட்டிலும் நேர்த்திதான் கணக்கு. இப்போது பெரும்பாலும் லாரிப் பட்டையைத்தான் வெட்டி அடிக்கிறார்கள், அதிலும் நல்ல உருக்கு இருக்கிறது. அலகின் உறுப்புகளுக்கு உடம்பின் பேர்தான்: வெட்டுகிற பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு, நுனி மூக்கு. பழுக்கக் காய்ந்த அருவாளின் வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பது துவைச்சல். சட்டென்று குளிர்ந்த வாய் கெட்டிப்படும், மெல்ல ஆறிய முதுகு இளக்கமாக இருந்து அடி தாங்கும். துவைச்சல் ஏறிப்போனால் வாய் பல்லுப் பல்லாகத் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நிறத்தை உலைவெளிச்சத்தில் கண்ணால் பிடிக்க வேண்டும். அதனால்தான் பட்டறை எப்போதும் இருட்டாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்து வசதியில்லாத இடம் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் ஒரு அருவாமனை உண்டு. ஆச்சி கல்யாணத்துக்கு வந்தது. அவர்கள் சீராகக் கொண்டுவந்த ஒவ்வொரு பித்தளைப் பாத்திரத்திலும் பேர் வெட்டியிருக்கிறது. அறுபது வருஷம் தினமும் கையாண்ட அருவாமனையில் மட்டும் ஒரு எழுத்தில்லை. தேய்ந்து தேய்ந்து அலகு பாதியாகிவிட்டது. எந்தப் பட்டறை என்று கேட்க ஆளும் இல்லை. என் சேகரிப்பில் எனக்கு மிகவும் வேண்டிய பொருள் அது, பதிவேட்டில் வரி குறைந்த பொருளும் அதுதான். ஆத்தூர் வெற்றிலை இத்தனை பேர்பெற்ற இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு கிடந்த பாக்குவெட்டிக்கும் இதே கதிதான். உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்ல ஒரு பாட்டி இருந்தால், இதை மூடி வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போங்கள்.

ஏட்டுக்கும் கத்திக்கும் உள்ள உறவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஓலையில் எழுதிய காலத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் இருந்தன. வாரெழுத்தாணியின் தலைப்பு கத்தியாக இருக்கும், ஓலை வார. மடக்கெழுத்தாணி பேனாக்கத்தி போலப் பிடிக்குள் மடங்கும், ஒரு புறம் எழுத்தாணி, மறு புறம் கத்தி. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் நுழைந்தாரே, அந்த ஏடு ஒவ்வொன்றும் இப்படி ஒரு கத்தியில் விளிம்பு வாரப்பட்டதுதான். ஏடுகளைக் காப்பாற்றிவிட்டோம். அவற்றை வாரிய கத்திகளில் எத்தனை எங்கே இருக்கின்றன என்று ஒரு கணக்கெடுக்க இந்த வட்டாரத்திலேயே தொடங்கலாம்.

சட்டமும் நம் தரத்தில் ஒரு பகுதி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்ததாக இல்லாவிட்டால், ஆயுதக் கணக்கில் வரும். நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கலெக்டரிடம் சொல்லச் சொல்கிறது. பறம்பில் மழைக்குப் பின் கிடந்தது என்று சொல்லி யாராவது ஒரு துண்டு இரும்பை நீட்டினால் வாங்காதீர்கள். எடுத்த இடம் தொலைந்தால் அதன் பாதி உயிர் போயிற்று.

2021 செப்டம்பரில் ரவுடிகளைப் பிடிக்கும் வேட்டையின்போது, அருவாள் வாங்க வருகிறவர் பேரையும் முகவரியையும் எழுதி வைக்கும்படி தமிழகக் காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. கொல்லர்களுக்கு அது மனவருத்தம் தந்தது, நியாயமான வருத்தம்தான். சினிமா அருவாளை ரத்தத்தோடு மட்டும் சேர்த்துக் காட்டிக் காட்டி, அதை அடிக்கிறவரைக்கூடச் சந்தேகமாகப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அந்த நோட்டை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். எந்த நாளில், எந்த வேலைக்கு, எந்த ஊர்க்காரருக்கு அருவாள் போயிற்று என்று பட்டறையிலேயே எழுத்தில் ஏறுகிறது. அதோடு அடித்தவர் பேரையும் ஒரு வரி சேர்த்தால் நாம் கேட்கிற பதிவு வந்துவிடும்.

கடைசியாக, என் கண்ணெதிரே கண்ட ஒரு பாளை அருவாள். உடன்குடிப் பக்கம் தேரியை ஒட்டிய விளை. பனையேறும் அண்ணாச்சி ஒருவர் மத்தியானம் நிழலில் உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தார். கல்லில் அல்ல, மரக்கட்டையில். கட்டை மேல் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அலகைப் படுக்கவைத்து, ஒரே சீராக இழுக்கிறார். அலகு அகலம், பிறை போல வளைவு, வாயில் வெளிச்சம் தங்கவில்லை. மட்டை கழிக்க வேறு அருவாள் வைத்திருக்கிறார். இது பாளையைத் தவிர வேறெதையும் தொடாது. பாளை நுனியைத் தாள் போல மெல்லிசாகச் சீவினால்தான் பதனீர் தடையில்லாமல் ஊறும். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், வாய் மழுங்கிய அருவாளால் சீவினால் நைந்து ஊற்று அடைபடும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். அந்தக் கருப்பட்டியின் முதல் வேலை இந்த வாயில்தான் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதன் சகோதரிக்குப் பாளைக்கத்தி என்று பேர்.

“எந்தப் பட்டறை அண்ணாச்சி?” என்றேன். பட்டறையைச் சொன்னார், அடித்தவர் பேரைச் சொன்னார், அவருடைய அப்பா பேரையும் சொன்னார். பிடி ஏன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று கேட்டதற்கு, தனக்கு இடதுகைப் பழக்கம், கொல்லர் கையைப் பார்த்துவிட்டுத்தான் பிடி போட்டார் என்றார். எந்த அருங்காட்சியகச் சீட்டிலும் நான் பார்த்திராத விவரம் அது.

விலைக்குத் தருவாரா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

“இதக் குடுத்துட்டு நான் எதக்கொண்டு தம்பி சீவ?”

அளந்துகொள்ள மட்டும் கொடுத்தார். நீளம், அகலம், முதுகின் கனம், பூண், பிடியின் சரிவு எல்லாம் குறித்தேன். தாளை அடியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். நாலு மணி ஆனதும் அருவாளை வாங்கி அருவாப்பெட்டியில் செருகி, பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் பனையைப் பார்த்து நடந்தார். என் பதிவேட்டில் 41-ஆவது பக்கம் அவருடைய அருவாள். ‘இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் ‘வேலையில் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறேன்.