சிந்திய அடிசிலும் சிறுகோலும்: சங்கப் பாடல்களில் குழந்தையோடு கழியும் பொழுதும் கூற்றுநிலையும்

ஆய்வுச்சுருக்கம்

சங்கப் பாடல்கள் சில, சிறு குழந்தையோடு வீட்டில் கழியும் அன்றாடப் பொழுதைக் காட்டுகின்றன. உணவைச் சிந்துதல், பால் உண்ண மறுத்து ஓடுதல், தந்தையின் மார்பில் தவழ்தல், தெருவில் சென்ற தேரை நிறுத்துதல் போன்ற இக்காட்சிகள் பெரும்பாலும் மக்கட்பேற்றின் இன்பம் என்ற ஒரே தலைப்பில் வைத்துப் பேசப்படுகின்றன. பாடலைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று பிரித்து நோக்கினால், அந்த இன்பத்திற்குப் பின்னுள்ள உழைப்பு சில பாடல்களில் மறைவதும் சிலவற்றில் வெளிப்படுவதும் புலனாகும். புறநானூறு 188, ஐங்குறுநூற்றின் செவிலி கூற்றுப் பத்து, அகநானூறு 66, நற்றிணை 110 ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, ஐங்குறுநூறு, நற்றிணை, செவிலி, கூற்று, குழந்தை, மனைவாழ்க்கை

உண்கலத்தில் ஒரு குழந்தை

குழந்தை பற்றிய சங்கப் பாடல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடலே. பொதுவியல் திணையில் பொருண்மொழிக்காஞ்சித் துறையாக அமைந்த இப்பாடல் மிகச் சிறியது. செல்வம் பலவும் சேர்த்துப் பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் நடுவே, தளர்நடையிட்டு ஒரு குழந்தை வருகிறது. கையை நீட்டி உணவைத் தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. இத்தகைய மக்கள் இல்லாதவருக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்று பாடல் முடிகிறது.

அடுக்கி வரும் வினையெச்சங்களே இப்பாடலின் உயிர். குழந்தையின் முகம் இங்கே வருணிக்கப்படவில்லை, அணிகலன் இல்லை, ஆணா பெண்ணா என்ற குறிப்பும் இல்லை. கையின் செயல்கள் மட்டுமே உள்ளன. ஒழுங்காக நடக்கவேண்டிய ஓர் உணவு வேளையைக் குழந்தை குலைக்கிறது. அந்தக் குலைவையே பாடல் செல்வத்திற்கு மேலான பேறாக வைக்கிறது.

இதே அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரையாக அமைந்தது புறநானூறு 184. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுக்குள் புகுந்தால் அது உண்பதைவிடக் காலால் மிதித்துக் கெடுப்பதே மிகுதி என்பது அதன் கருத்து. இறை கொள்ளும் முறையைப் பற்றி இவ்வாறு எச்சரிக்கப்பட்ட மன்னனின் பெயரால், உணவைச் சிந்திக் கெடுப்பதைக் கொண்டாடும் பாடலும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் திட்டமிட்ட இணையாகக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, வீணாதல் என்பது எங்கே குற்றம், எங்கே பேறு என்ற வினா தானே எழும்.

அந்த வினாவைப் பாடல் எழுப்பாததற்குக் காரணம் அதன் கூற்றுநிலை. சொல்பவர் மன்னர், பேசப்படுவோர் பெருஞ்செல்வர். சிந்திய சோற்றை எடுப்பவரோ, குழந்தையின் உடம்பைத் துடைப்பவரோ பாடலில் இல்லை. தாயும் இல்லை, செவிலியும் இல்லை. பொருண்மொழிக்காஞ்சி வாழ்வின் பயனைப் பொதுவாக எடுத்துரைக்கும் துறையாதலால் அவர்களை இங்கே எதிர்பார்ப்பது முறையன்று என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. அந்த நியாயமே இப்பாடலைச் சங்ககாலக் குழந்தை வளர்ப்பின் முழுச் சித்திரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்திற்கும் தடையாகிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் இதே உணவுக் காட்சியைக் கூழுக்கு மாற்றுகிறது. உரைகாரர் அச்சொல்லை உணவு என்ற பொதுப்பொருளில் கொள்வதும் உண்டு. நெய்ச்சோறு கூழானாலும், சுவைக்கும் இடத்திலிருந்தே அங்கும் பேச்சு எழுகிறது.

விருந்தாக வந்த செவிலி

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடியவர் பேயனார். அதன் முதற்பத்தாகிய செவிலி கூற்றுப் பத்து (401-410), மணமாகிச் சென்ற மகளின் இல்லத்தைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்குச் சொல்வதாக அமைந்தது. மானும் பிணையும் கன்றை நடுவே இட்டுக் கிடப்பதுபோலக் கணவனும் மனைவியும் புதல்வனை நடுவே கிடத்தி உறங்குகின்றனர். தாய் மகனை அணைத்திருக்க, அவளைப் பின்னிருந்து கணவன் தழுவுகிறான். அவள் பாலூட்டும்போதும் அவ்வாறே. சிறுதேர் உருட்டி வரும் மகனின் தளர்நடை கண்டு தந்தையின் உள்ளம் மனைவிமேல் கொண்டதினும் பெரிதாகிறது. பத்தின் இறுதிப் பாடலில் மாலைப்பொழுது, முன்றில், குறுங்கால் கட்டில். மனைவி அருகிருக்க மகன் தந்தையின் மார்பில் ஊர்கிறான். பாணனின் யாழிசை அப்பொழுதுக்கு ஒத்ததாக இருக்கிறது.

இப்பத்தில் குழந்தை ஒருமுறையும் அழவில்லை. உறங்கா இரவு இல்லை; உணவு சிந்துவதும் இல்லை. காட்சிகள் யாவும் கிடத்தல், அணைத்தல், ஊட்டல், பார்த்தல் என்னும் ஓய்ந்த நிலைகளே. இதனை முல்லைத்திணையின் இருத்தல் என்னும் உரிப்பொருளோடு மட்டும் பொருத்திவிட்டால் ஒன்றைத் தவறவிட நேரும். செவிலி இங்கே பார்க்க வந்தவள். முன்பு அவள் கையில் இருந்த வேலை இப்போது மகளின் கைக்குப் போய்விட்டது. கேட்பவளோ மகளைப் பிரிந்து, அவள் எப்படி இருக்கிறாளோ என்று ஏங்கும் நற்றாய். அவளிடம் சொல்லத் தக்கவற்றையே செவிலி தேர்ந்தெடுக்கிறாள். எனவே இப்பத்தை ஒரு வீட்டின் பதிவாகக் கொள்வதைவிட, ஒரு தாயின் கவலையைத் தணிக்கும் பேச்சாகப் படிப்பதே பொருந்தும்.

தந்தையின் உடம்பு குழந்தைக்கு இடமாவது இப்பத்தின் தனிச்சிறப்பு என்பதையும் சொல்லவேண்டும். அறிவுடைநம்பியின் செல்வர் குழந்தையைத் தொட்டதாகக் குறிப்பில்லை. பேயனாரின் தந்தை மார்பைக் கொடுக்கிறான்.

தேரை நிறுத்திய அழுகை

செல்லூர்க் கோசிகன் கண்ணனாரின் அகநானூற்று 66ஆம் பாடலில் தலைவியே பேசுகிறாள், கேட்பவள் தோழி. மக்களைப் பெற்றவர் இம்மையிலும் மறுமையிலும் சிறப்பர் எனப் பலர் சொல்லும் பழமொழி உண்மையாயிற்று என்று அவள் தொடங்குகிறாள். அது எப்படி உண்மையாயிற்று என்பதில்தான் நகையும் கசப்பும் கலந்துள்ளன. வேறொருத்தியை மணக்கப் புதுக்கோலம் பூண்டு கணவன் அவ்வழியே தேரில் போகிறான். மணியொலி கேட்டு, காணும் ஆவலில் மகன் தளர்ந்து தளர்ந்து வாயில் கடந்து ஓடுகிறான். தேரை நிறுத்தச் சொல்லி இறங்கிய தந்தை அவனைத் தழுவி, உள்ளே போ என்று அனுப்பப் பார்க்கிறான். பிள்ளை இசையாது அழுகிறான். வேறு வழியின்றி மகனோடு தானும் வீட்டுக்குள் வருகிறான்.

ஊடலோ தூதோ செய்ய முடியாததை ஒரு பிள்ளையின் அழுகை செய்துவிட்டது. ஆனால் விலை கொடுப்பவள் தாய். தானே மகனை ஏவித் தடுத்ததாக எண்ணிவிடுவானோ என்று நாணி, இக்கொடியவன் உம்மைக் கலக்கினான் போலும் என்று சொல்லிக் கோலோடு அடிக்க நெருங்குகிறாள். கணவன் பிள்ளையை வாரி எடுத்துக்கொள்கிறான். மணவீட்டு முழவொலி அவனை அழைப்பதுபோலக் கேட்டும் விடவில்லை. தந்தையின் அன்பு எல்லாருக்கும் தெரிகிறது. கோல் எடுத்தவள் கடுமையானவளாகத் தெரிகிறாள். அந்தக் கடுமை நாணத்தின் மறைப்பு என்பது தோழிக்கு மட்டுமே சொல்லப்படுகிறது. பழமொழியின் இம்மைப்பயன், இவ்வீட்டில், ஒரு நாள் மணம் தவறிப்போனது என்ற அளவே. பழமொழியை முதலில் வைத்துப் பாராட்டும் உரைகள் இந்த அளவைக் கவனிப்பதில்லை.

மறுத்தல் என்னும் ஒரு சொல்

போதனாரின் நற்றிணை 110ஆம் பாடலிலும் ஒரு கோல் உண்டு. பாலைத்திணைப் பாடலான இதில் வளர்ப்பின் உழைப்பு மறைவின்றி வருகிறது. செவிலியர் ஒரு கையில் தேன் கலந்த பால் நிறைந்த பொற்கலத்தை ஏந்துகின்றனர். பூ முனையுடைய சிறுகோலை ஓங்கி, உண் என்கின்றனர். சிறுமி சிலம்பு ஒலிக்கப் பாய்ந்து பந்தருக்கு ஓடுகிறாள். நரைத்த கூந்தலுடைய முதிய செவிலியர் பின்தொடர முடியாமல் நடை தளர்ந்து நின்றுவிடுகின்றனர். குழந்தைக்கு உணவு ஊட்டுதல் உடம்பால் செய்யும் வேலை, அதனால் மூச்சு வாங்கும், முதுமையில் அது மிகும் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் பாடல்கள் தொகைநூல்களில் அரிது. மேலே கண்ட அகப்பாடல்களில் இருப்பவை ஆண்பிள்ளைகள். இங்கே ஓடுவது பெண்குழந்தை என்பதும் கருதத்தக்கது.

உழைப்பு என்னும் சொல்லை இங்கே சற்று எச்சரிக்கையோடு ஆளவேண்டும். அகமரபில் செவிலி கூலிக்கு வந்த ஏவலாள் அல்லள். தோழியின் தாய், அறிவுரைக்கு உரியவள், தாய் என்றே அழைக்கப்படுபவள். அவளுடைய தளர்ச்சியைக் குறையாகவோ முறையீடாகவோ பாடல் சொல்லவில்லை. அது நினைவின் ஒரு பகுதி. அந்த நினைவே இன்றைய நிலையை அளக்கும் கோலாகிறது.

இன்று மகள் மணமாகிச் சென்ற வீடு வறுமையுற்றிருக்கிறது. தந்தை வீட்டின் கொழுஞ்சோற்றை அவள் நினைப்பதில்லை. வேளை தவறி உண்டு வாழ்கிறாள். இவ்வறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே உணர்ந்தாளோ என்று வியக்கிறது பாடல். சிறுமி ஏவலை மறுத்ததற்கும், இல்லாள் உண்ணும் பொழுதை மறுத்ததற்கும் போதனார் மறு என்னும் ஒரே வினையடியை ஆள்கிறார். முன்னது நிறைவில் பிறந்த மறுப்பு. பின்னது இன்மையில் பிறந்தது. அன்று பால் உண்ணாத பிள்ளையும் இன்று சோறு உண்ணாத மகளும் ஒருத்தியே. குழந்தைப்பருவக் காட்சியை இன்பம் என்று தனியே வெட்டி எடுத்தால் இந்தச் சொல்லிணைப்பு அறுந்துபோகும். பாடநூல்களிலும் மேடைப்பேச்சிலும் பெரும்பாலும் நேர்வது அதுவே. முற்பாதி குறும்பாகவும் பிற்பாதி கற்பின் பெருமையாகவும் பிரிந்துவிடுகின்றன. நடுவிலுள்ள பசியைப் பற்றிப் பேச்சில்லை.

பிற்காலப் பிள்ளைத்தமிழ், தாய் செவிலியின் குரலையே முழுவதும் எடுத்துக்கொண்டது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களாக வளர்ச்சியை வகுத்தது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கிப் பாட்டுடைத் தலைவர் பெரும்பாலும் மன்னரோ தெய்வமோ ஆதலின், அங்கே வளர்ப்பவரின் தளர்ச்சிக்கு வாய்ப்புக் குறைவு. வருக என்று அழைத்தால் வரவேண்டிய பிள்ளை அது.

நற்றிணை 110இன் துறைக்குறிப்பு, மனைமருட்சி என்றும், மகள் நிலை உரைத்தது என்றும் இருவகையாகக் கொள்ள இடம் தருகிறது. முதல்வகையில் வீட்டிலிருந்தே மகளை எண்ணிக் கலங்கும் தாயின் பேச்சு. இரண்டாம் வகையில் மகளின் இல்லத்தை நேரில் கண்டு வந்தவளின் பேச்சு. இரண்டாவதைக் கொண்டால் இப்பாடல் பேயனாரின் பத்துக்கு நேர் எதிரே வந்து நிற்கும். அதே பயணம், அதே கேட்பவள். ஆனால் வந்தவள் கண்டது கட்டிலையும் யாழையும் அன்று. வேளைக்கு உணவில்லாத அடுப்படியை. அதையும் அவள் ஒளிக்காமல் சொல்கிறாள். ஓடி ஓடி ஊட்ட முயன்றவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்கலாம்.